எர்த் குழி: நவம்பர், டிசம்பர் 2024

நவம்பர் 21, வியாழன்

காலையிலேயே ரீவைண்டிங் கடைக்கு இரண்டு மோட்டார். ஒன்று வாழைத் தோட்டத்து ஐந்து எச்.பி. திறந்ததுமே தெரிந்துவிட்டது, இரண்டு பேஸ் காயில் கரிக்கட்டை, மூன்றாவது நேற்றுக் கட்டியது மாதிரி பளபளவென்று இருக்கிறது. ஸ்டார் கனெக்‌ஷனில் லைனில் ஒரு பேஸ் போய்விட்டால் இப்படித்தான், மற்ற இரண்டும் முழுப் பாரத்தையும் இழுத்துக் கருகிப்போகும். ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடுகிற ப்ரிவென்டரை ஸ்டார்ட்டரில் போடச் சொன்னால் "அடுத்த தடவை போட்டுருவோம் அண்ணாச்சி" என்கிறார். போன தடவையும் இதையேதான் சொன்னார்.

மதியம் பென்ஷனுக்கு லைஃப் சர்ட்டிபிகேட். வார்னிஷும் செப்புக் கம்பியும் தேய்த்த தேய்ப்பில் என் விரல் ரேகை எந்த மெஷினுக்கும் தெரிவதில்லை. இப்போது போனிலேயே முகத்தைக் காட்டினால் போதும். கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினேன். உயிரோடு இருப்பது உறுதியாகிவிட்டது, டீ குடிக்கப் போனேன்.

நவம்பர் 24, ஞாயிறு

எங்கள் சர்ச்சில், பாடகர் குழுவில் ஒரு அக்காவுக்கு மைக் உதட்டில் பட்டதும் சுருக்கென்று கரண்ட் பிடித்துவிட்டது. கீர்த்தனை பாதியில் நிற்க, போதகர் ஐயர் பீடத்திலிருந்து என்னைப் பார்த்தார். கோயிலில் எது எரியாவிட்டாலும் எது அதிகமாக எரிந்தாலும் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். ஆராதனை முடிந்து மீட்டர் வைத்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 40 வோல்ட். எர்த் செத்துவிட்டது. பழைய எர்த் பைப் எங்கே புதைத்திருக்கிறது என்று கேட்டால், மணி அடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை வேப்பமரத்தடி என்கிறார், செயலர் கிணற்றுப் பக்கம் என்கிறார். புதைத்தவர் காலமாகிப் பல வருஷம். சரி, புதிதாகவே போட்டுவிடலாம், சீரியல் லைட் ஏறுவதற்கு முன்னால் முடிக்க வேண்டும்.

நவம்பர் 28, வியாழன்

எட்டடிக் குழி. அடுப்புக்கரி, கல் உப்பு, பைப் எல்லாம் வந்து இறங்கிவிட்டது. தோண்ட வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவன் வந்தான், நல்ல பிள்ளை, ஐ.டி.ஐ. முடித்தவன். நான் கம்பியை அளந்துகொண்டிருக்கும்போது இரண்டடி ஆழத்தில் கடப்பாரை 'ணங்' என்றது. அவன் என்னமோ கல் என்று நினைத்து இன்னும் ஓங்கினான். நான் கத்தினேன், கோயில் வளாகம் முழுக்கக் கேட்கிற மாதிரி, இந்தியில், இங்கே எழுதக்கூடாத வார்த்தையும் சேர்த்து. அவன் கடப்பாரையைப் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டான்.

கையால் மண்ணை விலக்கிப் பார்த்தால் கோபுர விளக்குக்குப் போகிற பழைய கேபிள். மேலே ஒரு செங்கல் வைத்திருந்ததால் தப்பித்தான். அப்படியும், நான் கத்திய அளவுக்கு அது இல்லை. பைப்பை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம், அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

அட்வென்ட் முதல் ஞாயிறு. மைக்கில் கரண்ட் பிடிக்கவில்லை. அவன் பின் வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டான்.

டிசம்பர் 7, சனி

கொடிநாள். கடைக்கு அவனே வந்தான், கையில் இரண்டு வடைப் பொட்டலம். "அண்ணாச்சி, அன்னைக்கு ஏன் அப்படிக் கத்துனீங்க?" என்று நேராகவே கேட்டான்.

சொன்னேன். நான் பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்தின் இன்ஜினியர் படைப் பிரிவு, எங்களைப் பட்டாளம் முழுக்கத் 'தம்பி' என்றுதான் கூப்பிடும், சர்தார்ஜி ஆபீசரும் தம்பி என்பார். 2001 டிசம்பர் 13-ல் பார்லிமென்ட் தாக்கப்பட்ட பிறகு எல்லையில் படையைக் குவித்தார்கள், ஆபரேஷன் பராக்ரம். பஞ்சாபில் கோதுமை முளைத்திருந்த வயல்களில் கண்ணிவெடி வைத்தோம். எந்த வரிசையில் எத்தனை, எந்த மரத்திலிருந்து எத்தனை அடி என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்து உண்டு. அடுத்த அக்டோபரில் படையைத் திரும்ப அழைத்த பிறகு எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். வைக்கும்போதும் ஆட்கள் போனார்கள், எடுக்கும்போதும் போனார்கள். மழை ஒன்றிரண்டை நகர்த்தியிருக்கும், எழுத்து சொன்ன இடத்தில் இருக்காது. குப்புறப் படுத்து, குத்தூசியைச் சாய்வாக நுழைத்து, இரும்பில் பட்டால் அப்படியே நிறுத்தணும். பட்ட பிறகு யாரும் ஓங்கக் கூடாது.

வடை ஆறிவிட்டது. "கேபிளுக்கு அப்படிக் கத்தியிருக்க வேண்டாம், என் தப்புதான்" என்றேன். என் மகனிடம்கூட இவ்வளவு சொன்னதில்லை, அவன் கேட்டதும் இல்லை.

டிசம்பர் 13, வெள்ளி

நேற்றிலிருந்து விடாத மழை. போன வருஷம் இதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதில் முங்கிய மோட்டார்களைப் பொங்கல் தாண்டியும் காயவைத்துக்கொண்டிருந்தேன், அதனால் வானத்தைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஒரு எட்டு கோயிலுக்குப் போய் மீட்டர் வைத்தேன், இரண்டு வோல்ட்கூட இல்லை. ஈர மண்ணில் எர்த் நன்றாகத்தான் காட்டும், சித்திரையில் தெரியும் லட்சணம்.

தம்பி குடையோடு வந்து, கோயில் சுவர் மூலையிலிருந்து குழி எத்தனை அடி, கேபிள் எந்தப் பக்கம் போகிறது என்று டேப்பால் அளந்து ஒரு படம் போட்டான். போர்டு பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டப் போனான். வாங்கிப் பார்த்தேன், வடக்கு எது என்று போடவில்லை. திரும்பப் போடச் சொல்லியிருக்கிறேன்.