பெரியம்மாவின் அலமாரி மாடி ஏறிய கதை

பெரியம்மாவின் தேக்கு அலமாரியைக் கழற்ற முடியாது. ஆணி இல்லாமல் பொருத்திச் செய்தது. பெரியப்பாவின் அப்பா காலத்துச் சாமான். மலேசியாவில், பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் ஒரு மூன்றாவது மாடி வீட்டுக்குக் குடிமாறியபோது, படிக்கட்டுத் திருப்பத்தில் அது நுழையவே இல்லை. லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடி அது. "வித்துடலாமே" என்றார் பெரியப்பா. பெரியம்மா ஒரு பார்வை பார்த்தார். கிரேன் வைத்த லோரிக்குப் போன் போட்டுவிட்டோம்.

ஓட்டிவந்தவர் ஒரு மலாய் பாச்சிக், அதாவது மலாய்க்காரப் பெரியவர். எங்கள் சின்ன மாமாவோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் கடைசிவரை பேசிக்கொள்ளவே இல்லை. மாமா ஒரு விரலை மேலே காட்டிச் சுழற்றினால் அலமாரி ஏறும். கையை நீட்டினால் நிற்கும். பேசியதெல்லாம் மற்ற எல்லாரும்தான்.

தரையை விட்டுக் கிளம்பும்வரை ஒழுங்காகத்தான் இருந்தது. மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்தது, அலமாரி மெல்ல ஆடத் தொடங்கியது. என் மகன் கைப்பேசியில் நேரம் பார்த்தான்: போய்த் திரும்ப ஏழு விநாடி. கயிறு ஏறக்குறைய 12 மீட்டர், கணக்கு சரியாக வருகிறது என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். ஊசலுக்குக் கயிற்றின் நீளம்தான் கணக்கு, எடை இல்லை. அந்த இடத்தில் பெரியம்மாவையே கட்டித் தொங்கவிட்டாலும் அதே ஏழு விநாடிதான் என்றான். நல்லவேளை, அவர் காதில் விழவில்லை.

1851இல் பாரிஸில் ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டுப் பூமி சுழல்வதைக் காட்டினாராம். எங்களுக்குத் தலைதான் சுழன்றது. ஏனென்றால், கயிறு சுருங்கச் சுருங்க ஆட்டம் வேகமெடுக்கும். நீளம் கால்வாசி ஆனால் நேரம் பாதி. மேலே போகப் போக ஏழு விநாடி மூன்றரையாகிறது. ஆடுகிற கோணமும் கூடுகிறது. "மேலே போனா நின்னுரும்" என்று கீழ்வீட்டு அண்ணன் அடித்துச் சொன்னதற்கு நேர் எதிர்.

அப்புறம் உதவி வந்தது. அலமாரியின் காலில் ஒரு வழிகாட்டிக் கயிறு கட்டித் தரையிலிருந்து பிடித்திருந்தோம். மாமா அதை என்னிடம் கொடுத்து "சும்மா பிடி, இழுக்காதே" என்று சொல்லியிருந்தார். கீழ்வீட்டு அண்ணன் அதைப் பிடுங்கி, அலமாரி தன் பக்கம் வரும்போதெல்லாம் "வா, வா" என்று இழுத்தார். ஊஞ்சலை வேகமாக்குவதும் இப்படித்தானே, அது வருகிற தாளத்திலேயே ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் தள்ளு. அவர் நல்ல தாளஞானம் உள்ளவர், உறுமி மேளம் அடிப்பவர். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

பெரியப்பா அவரிடமிருந்து கயிற்றை வாங்கித் தொளதொளவென்று விட்டு உதறினார். அலை ஒன்று வளைந்து நெளிந்து மேலே போய், அலமாரிக் காலில் முட்டித் திரும்பி வந்தது. தளர்ந்த கயிற்றில் அலை மெதுவாகப் போகும், கண்ணாலேயே பார்க்கலாம். அழகாகத்தான் இருந்தது. அலமாரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதே ஆயர் ஈத்தாமில்தான் 1923 முதல் பினாங்குக் கொடிமலைக்கு ரயில் ஏறுகிறது. கம்பிவடத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பெட்டி. ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும், எடையை எடை தாங்கிக்கொள்ளும். தண்டவாளமும் இருப்பதால் இந்த ஆட்டமெல்லாம் அதற்குக் கிடையாது. "அலமாரிக்கும் தண்டவாளம் போட்டிருக்கலாம்" என்றார் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி. கூட்டத்தில் வந்த ஒரே நல்ல யோசனை அதுதான்.

கடைசியில் மாமா எல்லாரையும் தள்ளிப்போகச் சொல்லிவிட்டு, பாச்சிக்குக்குக் கையசைத்தார். அலமாரி வலப்பக்கம் ஓட, கிரேனின் கையும் அதன் பின்னாலேயே ஓடியது. ஓட்டத்தின் முனையில் அலமாரி ஒரு கணம் நிற்கும் அல்லவா, அந்தக் கணத்தில் கிரேன் நுனி அதற்கு நேர் மேலே போய் நின்றது. அவ்வளவுதான், ஆட்டம் போய்விட்டது. இப்போது பெரிய துறைமுகக் கிரேன்களில் இதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. மாமா காலத்தில் கண்தான்.

அலமாரி நின்றது, ஆனால் கீழ் இழுப்பறை நிற்கவில்லை. நியூட்டன் 1687இலேயே எழுதி வைத்துவிட்டார்: ஓடுகிறது ஓடிக்கொண்டே இருக்கும், யாராவது தடுத்தால் ஒழிய. கதவுக்குப் பூட்டு இருந்தது; "இன்ஷூரன்ஸ் பேப்பர்தான், நான் பார்த்துக்கறேன்" என்று பெரியப்பா காலி செய்யவிடாமல் வைத்திருந்த இழுப்பறைக்கு இல்லை. அது பாதி வெளியே வந்தது. உள்ளே இருந்த தாள்கள் எல்லாம் காற்றில் சுழன்று சுழன்று நிதானமாக இறங்கின.

அத்தனையும் நாலு நம்பர் லாட்டரி டிக்கெட்.

தைப்பூசத்தில் முருகன் மேல் சத்தியம் செய்து விட்ட பழக்கம் அது. பெரியம்மா ஒன்றைப் பொறுக்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். போன சனிக்கிழமைத் தேதி.

"என்னங்க, இதுவா இன்ஷூரன்ஸ்?"

பெரியப்பா பதில் சொல்லவில்லை. அலமாரியை நடைபாதைக்குள் இழுக்கிற சாக்கில் என் பக்கம் வந்து நின்றவர், குனிந்து ரகசியமாகக் கேட்டார்: "தம்பி, அந்த லோரி நம்பர்ல கடைசி எழுத்து ஏழா, ஒண்ணா?"