வாய்க்கால் கரையோடு நிபோங் திபால் வரை

காலை ஆறரை மணி. பினாங்குத் தீவில் அந்த நேரம் இன்னும் நல்ல இருட்டு. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். அன்றிலிருந்து நமக்கு விடிவது ஏழு மணி வாக்கில்தான். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது ஒரு சங்கடம். வெயில் ஏறுவதற்குள் பாதி தூரத்தை முடித்துவிட வேண்டும், ஆனால் வெளிச்சம் இல்லாமல் வாய்க்கால் கரையில் இறங்க முடியாது. அதனால் இருட்டோடு பெர்ரி ஏறி, அக்கரையில் இறங்கும்போது விடிந்திருக்கும்படி கணக்குப் போட்டிருந்தேன்.

தீவிலிருந்து பெருநிலத்துக்கு இரண்டு பாலங்கள் இருக்கின்றன. 1985இல் திறந்தது 13.5 கிலோமீட்டர், 2014இல் திறந்தது 24 கிலோமீட்டர். இரண்டும் சைக்கிளுக்கு இல்லை. நமக்கு இருப்பது பெர்ரிதான், எனக்கு அதில் குறையும் இல்லை. இப்போது ஓடும் பெர்ரியில் கார்கள் ஏறுவதில்லை. ஆட்கள், மோட்டார்கள், சைக்கிள்கள், அவ்வளவுதான். வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார்களுக்கு நடுவில் என் மடக்கு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கமும் பை, பின்னால் ஒரு சிறிய முறுக்கு டின். தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "பசிச்சா எங்கயாவது நின்னு சாப்பிடு, வெறும் வயித்தோட மிதிக்காதே" என்று அம்மா கட்டிக் கொடுத்தது.

அக்கரையில் இருக்கும் செபராங் பிறை, பினாங்கின் பெருநிலப் பகுதி, வடக்கு தெற்காக நீண்ட ஒரு நிலத்துண்டு. வடக்கே மூடா ஆறு, தெற்கு எல்லையை ஒட்டி கிரியான் ஆறு. ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்கு, முடிந்தவரை வண்டிகள் இல்லாத வழியாகவே, தனியாக, இரண்டு நாளில் போவதென்று முடிவு செய்திருந்தேன்.

இந்த ஆசை வெளிநாட்டுப் பாதைகளைப் பற்றிப் படித்துப் படித்து வந்தது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கிலிருந்து வாஷிங்டன் வரை ஏறத்தாழ 540 கிலோமீட்டருக்கு, பெரும்பாலும் கார்களே இல்லாத வழியில் சைக்கிளில் போகலாம். முதல் பாதி கைவிட்ட ரயில் தடம், மறுபாதி பழைய கால்வாய்க் கரை. நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில், 2011இல் நம் ரயில் ஓட்டம் நின்றுபோன தடத்தை 24 கிலோமீட்டர் பசுமை வழியாக வைத்திருக்கிறார்கள். ரயிலும் செங்குத்தாக ஏறாது, கால்வாயும் ஏறாது. அதனால்தான் இரண்டும் சைக்கிளுக்கு இவ்வளவு பொருந்துகின்றன. அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கைவிட்ட ரயில் தடம் நம்மிடம் இல்லாவிட்டால் என்ன, வாய்க்கால் இருக்கிறதே! செபராங் பிறை முழுக்க வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தாலி ஆயர்கள், வெள்ளம் தடுக்கும் ஆற்றுக் கரைகள், செம்பனைத் தோட்டத்து வடிகால்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பராமரிப்புக்காக ஒரு மண் தடம். சைக்கிளுக்கு வழி போட வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, தண்ணீருக்காகப் போட்டது. வரைபடத்தில் அந்த நீலக் கோடுகளை ஒட்டிப் பென்சிலால் கோடு இழுத்து, விட்டுப்போன இடங்களைக் கிராமத்துச் சாலைகளால் இணைத்தேன். அப்படி வந்ததுதான் இந்த வழி.

பட்டர்வொர்த்திலிருந்து பாகான் ஆஜாம் வரை சாலைதான், சொல்ல ஒன்றுமில்லை. தெலோக் ஆயர் தாவார் வந்ததும் இரைச்சல் அடங்கியது. அங்கிருந்து கோலா மூடா வரை உள்ள கடற்கரை, பறவை பார்க்கிறவர்களுக்கு மிகவும் வேண்டிய இடம். நவம்பரில் வடக்கிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் உள்ளான்கள் சேற்றுத்தரையில் இறங்கியிருக்கும். கடல் வாங்கியிருந்த நேரம். சைக்கிளைச் சாய்த்துவிட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறச் சேறு, அதே நிறத்தில் பறவைகள். நகர்ந்தால்தான் பறவை என்று தெரிகிறது.

பதினொரு மணிக்கு கோலா மூடா. இங்கே 'பாசார் பிசிக்' என்ற மீன் சந்தை இருக்கிறது, காதோடு பேசும் சந்தை என்று சொல்லலாம். படகிலிருந்து மீன் இறங்கியதும் ஏலம். ஆனால் கூவல் கிடையாது. வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக விற்பவரின் தோளைத் தொட்டு, காதோடு காதாகத் தங்கள் விலையைச் சொல்வார்கள். யார் எவ்வளவு சொன்னார் என்று மற்றவருக்குத் தெரியாது. எல்லோரும் சொல்லி முடித்ததும், அதிகம் சொன்னவருக்கு மீன். யாரும் சண்டை போடவில்லை, யாருக்கும் முகம் வாடவில்லை. நாம் பழகிய பாசார் சத்தத்துக்கு இது நேர் எதிர். தோற்றவருக்குக்கூட மரியாதை மிஞ்சும்படி ஒரு வியாபாரம் நடத்துகிறார்கள், அது எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்துக் கடையில் வறுத்த மீனும் சோறும் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழும் வரை அங்கேயே ஒரு மரத்தடியில் கிடந்தேன்.

மூன்றரை மணிக்கு மூடா ஆற்றின் வெள்ளத் தடுப்புக் கரையில் ஏறினேன். இந்தப் பயணத்தை யாராவது ஒரு பகுதி மட்டும் ஓட்ட விரும்பினால், இதைத்தான் சொல்வேன். கரை, வயலைவிட ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. இடப்பக்கம் பழுப்பாக ஆறு, அதற்கு அப்பால் கெடா. வலப்பக்கம் பச்சை நெல், முழங்கால் உயரம். பினாங்கு குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஜார்ஜ் டவுனில் குழாயைத் திறக்கும்போது இந்த ஆற்றை யாரும் நினைப்பதில்லை, நானும் நினைத்ததில்லை. அன்று பக்கத்திலேயே இரண்டு மணி நேரம் கூடவே போனேன்.

வடக்கே ஜெராய் மலை தெரிந்தது. 1,217 மீட்டர். சுற்றிலும் தட்டை நிலம் என்பதால் இன்னும் உயரமாகத் தெரிகிறது. அதன் அடிவாரம்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. அந்தக் காலத்தில் வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்களுக்குக் கரை நெருங்கிவிட்டது என்று சொன்னது இந்த மலை. 1025இல் ராஜேந்திர சோழனின் படை வந்த கடாரம் இந்தப் பக்கம்தான். பள்ளிக்கூடத்தில் 'கடாரம் கொண்டான்' என்று ஒப்பித்தபோது அது ஒரு பட்டப்பெயர், அவ்வளவே. மாலை வெயிலில் அந்த மலையின் நீலத்தைப் பார்த்தபடி மிதிக்கும்போது எனக்குப் படையும் வெற்றியும் தோன்றவில்லை. கப்பலின் முன்பக்கத்தில் நின்று, வாரக்கணக்கில் தண்ணீரையே பார்த்த கண்ணால் முதலில் இந்த மலையைப் பார்த்த மாலுமிதான் தோன்றினார்.

வயலில் நத்தைகுத்தி நாரைகள், நூற்றுக்கும் மேல். என் சிறு வயதில் இந்தப் பக்கம் இவை கிடையாது. நெல்லைத் தின்னும் பொன் நத்தை பெருகிப் போனது, அதன் பின்னாலேயே இவையும் வந்து சேர்ந்தன. தாள்களில் அங்கங்கே ரோஜா நிறத்தில் முத்துக் கொத்து போல ஒட்டியிருப்பது அந்த நத்தையின் முட்டை. பார்க்க அழகு, விவசாயிக்குத் தலைவலி.

வாய்க்கால் மதகு ஒன்றின்மேல் ஒரு பாக் சிக் (மலாய்ப் பெரியவர்) தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். விரால் பிடிக்கிறாராம். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "சொராங் சஜா கா?" தனியாகவா என்று. இந்த இரண்டு நாளில் மலாயிலும் தமிழிலும் சீனர் கடை மலாயிலும் குறைந்தது பத்துப் பேர் இதையே கேட்டிருப்பார்கள். ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆமாம் என்றேன். அவர் தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டி, அடுத்த மதகுக்குப் பிறகு நாய்கள் இருக்கின்றன, இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்றார்.

நாய் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், தனியாகப் போக நினைக்கிற பெண்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதுதான். வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்த்தால் துரத்தும். இறங்கி, நமக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிள் இருக்கும்படி வைத்து, நிதானமாகப் பேசிக்கொண்டே நடந்தால் பெரும்பாலும் குரைத்துவிட்டு நின்றுவிடும். எனக்கு மூன்று இடத்தில் அப்படித்தான் நடந்தது. பயமாக இருந்தது உண்மை. நடந்து கடந்ததும் உண்மை.

அன்று இரவு கப்பாளா பத்தாஸில் ஓர் அறை. 66 கிலோமீட்டர்.

இரவெல்லாம் மழை. மறுநாள் காலை மாமாக் கடையில் தோசையும் தே தாரேக்கும் பசியாறிவிட்டுக் கிளம்பினால், கரைகளெல்லாம் களிமண் சேறு. கடலோரத்து மண், சக்கரத்தில் ஒட்டினால் விடாது. மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றவில்லை. குச்சியால் சுரண்டுவதும் ஓட்டுவதும் மறுபடி சுரண்டுவதுமாக ஆறு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். அப்புறம் தாசேக் குளுகோர் பக்கம் தார் சாலைக்கு வந்துவிட்டேன்.

இந்த வழியின் உண்மையான சிக்கல் சேறும் இல்லை, நாயும் இல்லை. இணைப்புகள்தான். அழகாக வருகிற வாய்க்கால் ஒரு நெடுஞ்சாலையைச் சந்திக்கும். வாய்க்கால் குழாய்க்குள் நுழைந்து அடியால் அக்கரை போய்விடும். சைக்கிளுக்கு அந்த வழி கிடையாது. ஐம்பது மீட்டர் தாண்டினால் அதே கரை கண்ணுக்கு எதிரே தொடர்கிறது. அதைப் போய்ச் சேர, லோரிகள் உரசிப் போகிற சாலையில் நாலு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். இரண்டாம் நாள் மட்டும் ஐந்து தடவை. புதிதாக நீண்ட பாதை போடச் சொல்லி யாரையும் கேட்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். அந்த ஐந்து இடங்களில் அடியால் ஒரு நடைவழி, கரையோரம் கொஞ்சம் நிழல் மரம், அவ்வளவு போதும். இரண்டு ஆறுகளுக்கு நடுவில் பிள்ளைகளைக்கூட நம்பி அனுப்பக்கூடிய ஒரு வழி கிடைத்துவிடும். மீதி வேலையைத் தண்ணீர் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது.

புக்கிட் மெர்தாஜாமை வேகமாகக் கடந்தேன். நகரம், வெயில், விளக்குகள். சிம்பாங் அம்பாட் தாண்டியதும் செம்பனை.

இது என் வீட்டு மண். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கமெல்லாம் கரும்பு. அந்தக் கரும்புக்காகத்தான் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். பத்து காவான், பைரம், கலிடோனியா என்று தோட்டங்கள். சதுப்பு நிலத்தில் தண்ணீர் வடிந்தால்தான் பயிர் நிற்கும் என்று நீள நீளமாக வடிகால்கள் வெட்டப்பட்டன. கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வடிகால்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நான் மிதித்துக்கொண்டிருந்த கரையை வெட்டியவர்கள் யார் என்று எந்தப் பலகையிலும் எழுதவில்லை. அம்மா பிறந்தது அப்படி ஒரு தோட்டத்து லயத்தில்தான்.

அங்கே டயர் பஞ்சரானது. செம்பனை மட்டையின் முள், விரல் நீளம். டியூபை மாற்றிக் காற்றடித்தால் பம்பு வேலை செய்யவில்லை. உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து டிராக்டரில் இரண்டு பையன்கள் வந்தார்கள், வங்காளதேசத்துக்காரர்கள். அரைகுறை மலாயில் பேசிக்கொண்டோம். ஒருவன் தோட்டத்துக் கொட்டகைக்குப் போய்ப் பம்பு எடுத்து வந்து அவனே அடித்துக் கொடுத்தான். காசு வாங்க மாட்டேன் என்றான். முறுக்கு டின்னைத் திறந்து நீட்டினேன். இருவரும் கைநிறைய எடுத்துக்கொண்டார்கள். இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். என் தாத்தா இங்கே வந்து இறங்கியபோது இதே வயது.

தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு பாட்டி பூக்கட்டிக்கொண்டிருந்தார். "எங்கேருந்து வர்றே கண்ணு?" பெர்ரி ஏறி வந்ததிலிருந்து சொன்னேன். "தனியாவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். அம்மாவின் பெயரைச் சொன்னேன், தெரியவில்லை. தாத்தாவின் பெயரைச் சொன்னேன், அதுவும் தெரியவில்லை. "லயத்தையெல்லாம் இடிச்சு ரொம்ப நாளாச்சு கண்ணு. கோயில் மட்டுந்தான் நிக்குது" என்றார். பொங்கலைச் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நிபோங் திபாலில் கிரியான் ஆற்றைப் பார்த்தபோது மணி ஐந்தரை. மொத்தம் 137 கிலோமீட்டர், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வண்டி இல்லாத வழி. இருட்டிய பின் இந்த ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் வரும், படகில் போய்ப் பார்க்கலாம். நான் காத்திருக்கவில்லை. சைக்கிளை மடக்கி, கமூட்டர் ரயில் ஏறி பட்டர்வொர்த், அங்கிருந்து பெர்ரி. இரண்டு நாள் மிதித்ததை ரயில் ஒரு மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டது.

வீட்டு வாசலில் அம்மா விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். கோயில், பாட்டி, பொங்கல் எல்லாம் சொன்னேன். கைப்பேசியில் படம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோயில் கோபுரத்துக்குப் புதிதாக வர்ணம் அடித்திருக்கிறார்கள் என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. அப்புறம் குனிந்து சைக்கிள் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"இது அந்தப் பக்கத்துக் களிமண். காலையில பாத்துக்கலாம்னு விட்டுடாதே, காய்ஞ்சா கல்லாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு, தேங்காய் நாரும் ஒரு வாளித் தண்ணீரும் எடுத்துவர உள்ளே போனார்.