மூன்றாவது குழியில் எண்ணெய்

நாமக்கல் பக்கத்து லாரிப் பட்டறைகளில் 26 வருஷம் ஸ்பானர் பிடித்தவன் நான். டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில்கள் மாற்றியதற்குக் கணக்கில்லை. ஸ்பார்க் பிளக்கை மட்டும் கையில் எடுத்தது குறைவு. லாரி டீசலில் ஓடுவது. உள்ளே போன காற்றை 17, 18 மடங்கு அழுத்தினால் போதும், அந்தச் சூட்டிலேயே டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். பொறி வேண்டியதில்லை.

இப்போது சின்ன லோடு வண்டிகளில் சி.என்.ஜி. என்கிற, பொறி வைத்துப் பற்ற வைக்க வேண்டிய கேஸ் வந்த பிறகு பிளக் எங்கள் பக்கம் திரும்பி வந்திருக்கிறது. அக்கா மகன் அப்படி ஒன்று வைத்திருக்கிறான். கேஸிலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும். நாலு சிலிண்டர், எஞ்சின் சீட்டுக்கு அடியில். சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு மளிகை ஏற்றிப் போவான். இறங்கும்போது வாழைத்தார், பலா. காரவள்ளி தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவு. எஞ்சினில் என்ன குறை இருந்தாலும் அந்த ஏற்றம் காட்டிக் கொடுத்துவிடும்.

"மாமா, கேஸ்ல ஓட்டுனா பத்தாவது வளைவுலயே குலுக்குதுங்க. பெட்ரோலுக்கு மாத்துனா பரவால்லீங்க" என்றான். டவுனில் ஓரிடத்தில் காட்டியிருக்கிறான். பிளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கிற நாலு காயிலையும் மாற்ற வேண்டும் என்று அவன் ஒரு மாத டியூவுக்கு மேல் வரும் தொகையைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பிளக்கையாவது கழற்றிப் பார்த்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். எனக்கு வருத்தமாக இருந்தது. வாடகைக்கு ஓடுகிற பையனிடம் தொகை சொல்வதற்கு முன்னால் பத்து நிமிஷம் குனிந்து பார்க்க வேண்டாமா?

அவன் சொன்ன அடையாளமே பாதி பதில். பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டித்தான் பொறி பாய வேண்டும். கேஸ் கலந்த காற்றைத் தாண்ட, பெட்ரோல் கலவையைவிடக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். லோடு ஏற்றி மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுவதால் இன்னும் கூடுதலாகக் கேட்கும். முனை தேய்ந்து இடைவெளி அகன்றுவிட்டால், சமதளத்தில் சமாளிக்கிற பொறி மலையில் தவறும். பிளக்கில் வருகிற கோளாறு முதலில் கேஸில் தெரிவதும், பெட்ரோலில் மறைந்து கிடப்பதும் இதனால்தான். எஞ்சின் கோளாறை எண்ணாகச் சொல்லும் ஸ்கேனரை நண்பனிடம் வாங்கிச் செருகிப் போனில் பார்த்தான். பி0303 என்று வந்தது. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டு வாசலில், வேப்பமர நிழலில் வண்டி நின்றது. நான் முதலில் கேட்டது, "ராத்திரி எத்தன மணிக்கு நிறுத்துன மாப்ள?" என்றுதான். பிளக் மாட்டியிருக்கும் ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல் மூடி, அலுமினியம். சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். கை வைத்துப் பார்த்தேன், ஆறியிருந்தது. கேஸ் சிலிண்டர் வால்வை மூடி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சீட்டைத் தூக்கினோம்.

காயிலுக்கு ஒரு கனெக்டர், ஒரு 10 நம்பர் போல்டு, அவ்வளவுதான். காயிலை எடுத்ததும் பிளக்கைத் தொடாமல் முதலில் அது உட்கார்ந்திருக்கும் குழிக்குள் காற்று அடித்தேன். செம்மண் பறந்தது. அடிக்காமல் கழற்றியிருந்தால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழுந்து, பிஸ்டனோடு சேர்ந்து சுவரைக் கீறியிருக்கும்.

மூன்றாவது காயிலை இழுத்தபோது ரப்பர் முனை எண்ணெயில் ஊறி, உப்பி வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் குழிக்குள் அரை விரற்கடை எஞ்சின் ஆயில் நிற்கிறது. ஹெட்டுக்கு மேலே மூடியிருக்கும் டேப்பட் கவருக்குள் அந்தக் குழியைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கும். அது கெட்டிப்பட்டு ஆயிலை விட்டிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் நுனியில் பனியன் வேஸ்டைச் சுற்றி, உறிஞ்சி உறிஞ்சி எடுத்தோம். அதற்கே அரை மணி நேரம் போனது.

நாலு பிளக்கையும் பழைய பேப்பரில் வரிசை மாறாமல் வைத்தேன். கழற்றியதை வரிசையாக வைப்பது என் மேஸ்திரி கற்றுத்தந்த பழக்கம். ஒன்றாவது, இரண்டாவது, நாலாவது பிளக்குகள் இளம் பழுப்பு. எரிவது சரியாக இருக்கிறது, ஆனால் முனைகள் மழுங்கியிருந்தன. 0.8 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 1.1 தாள் உரசாமல் நுழைந்தது. 46,000 கிலோமீட்டர் ஓடியும் மாற்றாத நிக்கல் பிளக்குகள். குறை சொல்லவும் மனம் வரவில்லை. எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஒரு பிளக் நொடிக்கு 25 முறை பொறி விட வேண்டும், மணிக்கு 90,000.

மூன்றாவதில் இன்னொன்றும் இருந்தது. வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கருங்கோடு. முனைக்குப் போக வேண்டிய மின்சாரம் ஆயில் ஊறிய ரப்பருக்கும் பீங்கானுக்கும் நடுவில் குறுக்கு வழி கண்டுபிடித்து, வெளிப்பக்கமாகவே பாடிக்கு இறங்கியிருக்கிறது. அக்கா மகனிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இந்தக் கோடா மாமா?" என்றான். அந்தக் கோடுதான்.

புதுப் பிளக்குகளைப் பாக்ஸிலிருந்து எடுத்து ஒவ்வொன்றிலும் கேஜ் விட்டுப் பார்த்தேன். என் மேஸ்திரிக்கு எல்லாப் பிளக்கும் 'மைக்கோ'தான். மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி 1951இல் தொடங்கி, 2008இல் பாஷ் என்று பெயர் மாறிய பிறகும் அவர் வாயில் மைக்கோ மாறவில்லை.

அவரை நினைத்தால் ஒரு பெட்ரோல் ஜீப்பும் கூடவே நினைவுக்கு வரும். எனக்கு அப்போது 19 வயது. லாரி வேலையில் கை பழகியவன். வீல் நட்டுக்குப் பைப் போட்டுத் தொங்கினால்தான் வேலை செய்த திருப்தி. அந்தப் பழக்கத்தில் பிளக்கை ஸ்பானரில் மாட்டியே குழிக்குள் இறக்கித் திருகினேன். இறுகிற்று, இறுகட்டும் என்று இன்னும் அழுத்தினேன். மரை குறுக்கே ஏறியிருந்தது. ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோய்ப் புது மரை போட வேண்டியதாயிற்று. இரண்டு நாள். ஜீப்காரருக்கு ஆன செலவை மேஸ்திரி தன் கையிலிருந்து கொடுத்தார். என்னைத் திட்டவில்லை. பெட்ரோல் டியூபில் ஒரு ஜாண் வெட்டிக் கொடுத்து, "இனி இதுலதான் போடோணும்" என்றார்.

பிளக்கின் தலையை ரப்பர் டியூபில் செருகிக் குழிக்குள் இறக்கி, டியூபை விரலால் திருக வேண்டும். மரை நேராகப் பிடித்தால் பிளக் சுற்றும். குறுக்கே ஏறினால் டியூப் வழுக்கிவிடும். மரையைக் கெடுக்கிற பலம் அதற்கு இல்லை. முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்பினால் 'டக்' என்று மரை உட்காருவது விரலுக்குத் தெரியும். பிறகு வலப்பக்கம்.

முதல் இரண்டை நான் போட்டேன். மூன்றாவதை அவனிடம் விட்டேன். டியூப் வழுக்கிற்று. பதறி என்னைப் பார்த்தான். "எடுத்துட்டு மறுக்கா இறக்கு" என்றேன். மூன்றாவது தடவை உட்கார்ந்தது. விரலால் போகிற வரைக்கும் போய், பிளக்கின் அடி வளையமான கேஸ்கெட் தொட்ட பிறகுதான் 16 நம்பர் பிளக் சாக்கெட். புதுப் பிளக்குக்கு அங்கிருந்து ஏறத்தாழ அரைச் சுற்று. எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால், இப்படி அலுமினிய ஹெட்டில் கேஸ்கெட் வைத்த 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். கிரீஸ் தடவலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். பிளக்கின் மரையிலேயே துருப்பிடிக்காத பூச்சு இருக்கிறது. கிரீஸ் இருந்தால் உராய்வு குறைந்து, ரெஞ்ச் 30 என்று சொல்லும்போது மரை அதைவிட அதிகமாக இறுகியிருக்கும்.

மூன்றாவது காயிலுக்கு ரப்பர் மட்டும் புதிதாக வாங்கி மாட்டினோம். காயில்கள் நாலும் பழையவைதான். செவ்வாய்க்கிழமை செம்மேட்டிலிருந்து போன் செய்தான். கேஸிலேயே ஏறியிருக்கிறான், ஸ்கேனரில் பி0303 வரவில்லை.

ஆனால் ஆயில் விட்ட அந்தச் சீலை இன்னும் மாற்றவில்லை. ஞாயிறன்று சீலோடு வருகிற டேப்பட் கவர் கேஸ்கெட் செட் கிடைக்கவில்லை. போன வாரம் மூன்றாவது காயிலைத் தூக்கிப் பார்த்தபோது பிளக்கைச் சுற்றி மறுபடி பளபளப்பாக ஈரம். செட் இப்போது வீட்டு ஜன்னலில் இருக்கிறது. வரும் ஞாயிறு டேப்பட் கவரைக் கழற்ற வேண்டும். போல்டுகளை அவனையே இறுக்கச் சொல்லப் போகிறேன், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக.