எஞ்சின் காலில் சத்தம்: எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது

அவுட்போட் எஞ்சினின் காலில், அதாவது புறொப்பெல்லரோடு தண்ணீருக்குள் நிற்கும் கீழ்ப்பகுதியில், வரும் சத்தத்தை வாயால் செய்து காட்டுவதில் பெரிய பயன் இல்லை. ஒருவர் "கரகர" என்பதை இன்னொருவர் "கிறுகிறு" என்பார். அது நியூட்ரலிலும் வருகிறதா, முன் கியரில் மட்டுமா, பின் கியரில் மட்டுமா, திருப்பும்போது கூடுகிறதா என்று சொல்ல முடிந்தால், காலைக் கழற்றாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் பைபர் போட்டுகளில் ஓடும் அவுட்போட் எஞ்சின்களின் கால் உள்ளே கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் இருக்கும். மேலிருந்து இறங்கும் டிரைவ் ஷாப்டின் நுனியில் பினியன் என்ற சின்னப் பற்சில்லு. அதோடு கடிபட்டபடி முன் கியரும் பின் கியரும். எஞ்சின் ஓடும் நேரமெல்லாம், நியூட்ரலில்கூட, இந்த மூன்றும் சுற்றிக்கொண்டே இருக்கும். முன் கியரும் பின் கியரும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். நடுவில், புறொப்பெல்லர் ஷாப்டின் மேல் வழுக்கி நகரும் கிளட்ச் டோக் எந்தக் கியரோடு போய்க் கொளுவுகிறதோ அந்தத் திசையில் ஷாப்ட் சுற்றும்.

இந்த அமைப்பு மனதில் இருந்தால் மிச்சத்தைக் கணக்காகப் போடலாம். நியூட்ரலிலும் சத்தம் வந்தால் டிரைவ் ஷாப்ட் பெயரிங், பினியன், தண்ணீர்ப் பம்ப், இல்லாவிட்டால் எஞ்சினே. நியூட்ரலில் இல்லை, முன் கியரில் பாரம் ஏறும்போது மட்டும் வருகிறது என்றால் முன் கியரும் அதன் கூம்பு உருளைப் பெயரிங்கும். பின் கியரில் மட்டும் என்றால் பின் கியரும் அதன் பெயரிங்கும். நியூட்ரலில் இல்லாமல் முன், பின் இரண்டிலும் வந்தால் புறொப்பெல்லர் ஷாப்ட், அதன் ஊசிப் பெயரிங், அல்லது புறொப்பெல்லர்.

பார்ப்பதற்கு எஞ்சினை ஒரு பரல் தண்ணீரில் இறக்குங்கள். தண்ணீர் புறொப்பெல்லருக்கு மேலே உள்ள மேல்தட்டைத் தாண்டி, பம்ப் இருக்கும் இடத்துக்கு மேலே நிற்கவேண்டும். புறொப்பெல்லரைக் கழற்றிவிட்டே கியர் போடுங்கள். பாரம் இல்லாததால் வேகத்தைக் கூட்டவேண்டாம், ஐடிலுக்குச் சற்று மேலே போதும். நீளமான ஸ்குறூட்ரைவரின் நுனியைக் காலில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்துங்கள். முதலில் பம்ப் இருக்கும் உயரத்தில், பிறகு கீழே கியர்பொக்ஸ் மூக்கில், பிறகு பின்பக்கம், புறொப்பெல்லர் ஷாப்டைத் தாங்கும் கரியரில். சத்தம் கூடும் இடமே கெட்ட இடத்துக்கு அண்மையானது. கையால் எதையும் சுற்றிப்பார்க்கும் முன் பிளக் வயர்களைக் கட்டாயம் கழற்றுங்கள். சூடான எஞ்சின் சிறு அசைவிலேயே ஓடத் தொடங்கிவிடும். விரல் போனவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாச் சத்தமும் நோயல்ல. கியர் போடும்போது ஒரேயொரு "டக்" வருவது இயல்பு. ஐடிலில், கியரில் நிற்கும்போது மெல்லிய கலகலப்பும் இயல்புதான்: சிலிண்டர்கள் விட்டுவிட்டுத் தள்ளுவதால் பற்கள் ஒன்றோடொன்று தட்டுகின்றன. திரொட்டிலைக் கொஞ்சம் கூட்டியதும் அது மறையவேண்டும். திடீரென்று அந்தக் கலகலப்பு அதிகமானால் காலைக் குறைசொல்ல முன்னர் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறி வருகிறதா என்று பாருங்கள். ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டாலும் கியர்கள் அப்படித்தான் கத்தும்.

யாழ்ப்பாணத்துக் கடலில் காலைக் கொல்லும் முதல் எதிரி தங்கூசி என்ற நைலோன் நூல். அறுந்த வலைத்துண்டு புறொப்பெல்லரில் பட்டதும் பின்னால் ஷாப்டில் சுற்றி, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் சீலின் உதட்டுக்கும் ஷாப்டுக்கும் இடையில் புகுந்து சீலை அறுக்கும். அன்றைக்கு ஒரு சத்தமும் வராது. எஞ்சின் நின்று கால் ஆறும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, அறுந்த சீல் வழியே உப்புத்தண்ணீரை உறிஞ்சும். ஒவ்வொரு பயணத்திலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேரும். ஒயிலோடு கலந்த தண்ணீர் பெயரிங் உருளைகளில் துரு வைக்கும், துரு குழியாகும், குழி விழுந்த பிறகுதான் காதுக்குக் கேட்கும். அதாவது சத்தம் வரும்போது சீல் போய் வாரங்கள் ஆகியிருக்கும். சீலை நேரத்தோடு மாற்றுவது லாபமா என்று கணக்குப் பார்க்கத் தேவையில்லை. ஒரு சீலின் விலையையும் ஒரு கியர் செட்டின் விலையையும் கடையில் கேட்டாலே போதும்.

ஆகவே சத்தம் கேட்ட எந்தக் காலிலும் முதல் வேலை ஒயில் பார்ப்பது. எஞ்சினை நிமிர்த்தி ஓரிரவு அசையாமல் விடுங்கள். உப்புத்தண்ணீர் ஒயிலை விடப் பாரம் என்பதால் அடியில் தங்கும். காலையில் கீழ் ஸ்குறூவை மெதுவாக இளக்கி, முதலில் வருவதைத் தெளிவான போத்தலில் பிடியுங்கள். தனித் தண்ணீர் வந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தாலும் தண்ணீர்தான். ஆனால் ஓடிவந்த உடனேயே இறக்கினால் காற்றுக் குமிழால்கூட ஒயில் வெளுத்துத் தெரியும். ஓரிரவு விடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். குமிழ் தெளியும், தண்ணீர் கலந்த ஒயில் தெளியாது.

பிறகு ஒயிலை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். காந்த ஸ்குறூவில் சாம்பல் நிறப் பசைபோல நுண்ணிய தூள் ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் செதில், ஒரு முகம் மினுங்கும் துண்டு, முறிந்த ஊசி மாதிரிக் கம்பி, இவற்றில் ஒன்று கண்டாலும் அந்தக் காலை இனிக் கடலுக்குக் கொண்டுபோகவேண்டாம். கருகின மணம், கறுத்த நிறம் என்றால் ஒயில் குறைந்து ஓடியிருக்கிறது. இறங்கிய அளவை எஞ்சின் புத்தகத்திலுள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

தண்ணீர் இருந்தால் எங்கே கசிகிறது என்று காற்றால் சோதிக்கலாம். ஒயிலை முழுதாக இறக்கி, ஒரு துளையை மூடி, மற்றதில் அடப்டர் பூட்டிச் சைக்கிள் பம்பால் 10 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். 15 ஐத் தாண்டவேண்டாம், நல்ல சீலையும் அது தள்ளிவிடும். 5 நிமிடம் அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கவேண்டும். நிற்கும்போதே புறொப்பெல்லர் ஷாப்டைச் சுற்றுங்கள், கியர் தண்டையும் அசையுங்கள். ஒரு நிலையில் பிடித்து இன்னொரு நிலையில் விடும் சீல்கள் உண்டு. சவர்க்காரத் தண்ணீர் பூசினால் குமிழ் இடத்தைக் காட்டும். புறொப்பெல்லர் ஷாப்டில் குமிழ் வந்தால் கரியர் சீல்கள். தண்ணீர்ப் பம்புக்குக் கீழே என்றால் டிரைவ் ஷாப்ட் சீல்கள். சிலநேரம் குற்றவாளி ஒயில் ஸ்குறூவின் பழைய வோஷராகவே இருக்கும். அதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

சீல் மாற்றும்போது பழையவை ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்று குறித்துவையுங்கள். ஷாப்டில் சீல் உட்கார்ந்த இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புதுச் சீலும் நிற்காது. பள்ளத்தைத் தவிர்த்துச் சற்று முன்பின்னாக உட்கார வைக்க இடமிருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் ஷாப்ட் மாற்றத்தான் வேண்டும். சீல் மாற்றி, டீசலால் கழுவி, காயவிட்டுப் புது ஒயில் போட்டபின் ஓரிரு மணித்தியாலம் ஓடி மீண்டும் ஒருமுறை ஒயிலைப் பாருங்கள். ஒயிலை எப்போதும் கீழ்த் துளையால் ஏற்றுங்கள், மேல் துளையால் குமிழின்றி வழியும்வரை. மேல் ஸ்குறூவை முதலில் பூட்டி, பிறகு கீழ். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று அடைபட்டு, நிரம்பியது போல ஏமாற்றும்.

பெயரிங் மாற்றிய கால் கடலுக்குப் போனதும் விசில் மாதிரிக் கூவினால், அது பெரும்பாலும் ஷிம் என்ற மெல்லிய இடைத்தகட்டின் பிழை. முன் கியரின் கூம்புப் பெயரிங் எவ்வளவு ஆழத்தில் உட்காருகிறதோ அதுதான் பினியனோடு பல் கடிபடும் அளவைத் தீர்மானிக்கிறது. பழைய ஷிம்மையே யோசிக்காமல் திரும்பப் போட்டால் பல் இறுகியோ தளர்ந்தோ போகும். அதேபோல், பல் முறிந்தால் முன் கியரை மட்டும் மாற்றுவது காசைக் கடலில் போடுவது. பினியனையும் சேர்த்தே மாற்றுங்கள், தேய்ந்த பல் புதுப் பல்லைத் தின்றுவிடும்.

பாரத்தில் "டக் டக் டக்" என்று வரிசையாக அடித்து, போட் உதறி, திரொட்டிலைக் குறைத்ததும் நின்றால் கிளட்ச் டோக்கின் முனைகள் வட்டமாகித் தேய்ந்து, கியர் விட்டுவிட்டுக் கொளுவுகிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் கைப்பழக்கம். கியரை மெதுவாகத் தடவித் தடவிப் போடுவது நல்லது என்று நினைக்கிறார்கள். அந்த மெதுவில்தான் முனை முனையில் உரசித் தேய்கிறது. எஞ்சினை ஐடிலுக்கு இறக்கி, ஒரே தள்ளலில் போடவேண்டும். ஆனாலும் காலைத் திறக்க முன்னர் கியர் லீவர் தொடுப்புச் சரியாக முழுத்தூரம் போகிறதா என்று பாருங்கள். ஒரு நட்டைத் திருப்பினால் தீரும் வேலையாகவும் இருக்கலாம்.

எஞ்சின் சீறுகிறது, போட் நகரவில்லை, இரும்புச் சத்தமும் இல்லை என்றால் புறொப்பெல்லரின் நடு றப்பர் வழுக்குகிறது. உள் உருளையிலிருந்து வெளி உடல்வரை பெயின்ற்றால் ஒரு நேர்கோடு போட்டு, ஒரு ஓட்டம் ஓடிவாருங்கள். கோடு முறிந்து விலகியிருந்தால் றப்பர் போய்விட்டது. புறொப்பெல்லர் கழற்றிப் பூட்டியதும் புதிதாக உரசல் கேட்டால், முன்னால் வரும் தடித்த வோஷரை மறந்திருப்பீர்கள். நட்டு கழலாமல் பிடிக்கும் கொட்டர் பின்னையும் பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள்.

களப்பில் சாதாளைக்கும் மணலுக்கும் பயந்து காலைத் தூக்கி ஓடும்போது வேறு கதை. மேல்தட்டு நீர்மட்டத்துக்கு வந்ததும் புறொப்பெல்லர் காற்றை இழுத்துச் "சர்ர்" என்று இரையும், வேகம் ஏறாது. காலை இறக்கினால் நின்றுவிடும், பழுது இல்லை. ஆனால் அதே நிலையில் பம்பும் காற்றையோ மணலையோ குடிக்கும். காலின் மேற்பகுதியிலிருந்து கீச்சென்று கத்தினால் பம்புக்குள் சுற்றும் றப்பர் இம்பெல்லர் வறண்டு ஓடுகிறது. உடனே நிறுத்துங்கள், சில விநாடிகளே அதன் இதழ்களைச் சுருட்டப் போதும். முருகைக்கல்லில் அடித்த பிறகு முழு உடம்பும் நடுங்கினால் ஷாப்ட் வளைந்திருக்கலாம்: புறொப்பெல்லரைக் கழற்றி, ஷாப்ட் நுனிக்கு அருகே ஒரு ஆணியை அசையாமல் பிடித்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள். இடைவெளி கூடிக்குறைந்தால் வளைவுதான். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ரீங்காரம் வந்து, அதைத் தாண்டியதும் மறைந்தால் அது புறொப்பெல்லர் இதழின் பின்விளிம்பு பாடுவது. விளிம்பைப் பதமாக அரம் போட்டால் அடங்கும்.

மண்ணெண்ணெய் எஞ்சினில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். பாரத்தில் "கிண் கிண்" என்று அடிப்பதைக் காலென்று நினைத்துக் கழற்றிவிடுகிறார்கள். அதே பாரத்தில், அதே வேகத்தில் எரிபொருளைப் பெற்றோலுக்கு மாற்றிப் பாருங்கள். சத்தம் குறைந்தால் அது சிலிண்டருக்குள் நடக்கும் வெடிப்பு, கரி படிந்திருக்கலாம் அல்லது சூடேறியிருக்கலாம். காலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எஞ்சின் போட்டுக்கு உள்ளேயும் கால் பின்பலகைக்கு வெளியேயும் உள்ள ஸ்டேர்ன் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. எஞ்சினிலிருந்து வரும் ஷாப்ட் பின்பலகையில் கிம்பல் பெயரிங் வழியாக வந்து, யூனிவர்சல் மூட்டுகளால் வளைந்து காலுக்குள் நுழைகிறது. இரண்டையும் மூடியிருப்பது ஒரு றப்பர் பெல்லோஸ். அது வெடித்தால் உப்புத்தண்ணீர் நேரே பெயரிங்கில். நேராக ஓடும்போது அமைதி, ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பியதும் உறுமல் அல்லது "கடக் கடக்" என்றால் மூட்டு அல்லது கிம்பல் பெயரிங் என்று எடுத்துக்கொள்ளலாம். காலைக் கழற்றி, பெயரிங்கை விரலால் சுற்றுங்கள்; மணல் அரைபடுவது போலிருந்தால் மாற்றுங்கள். மூட்டுகளை நான்கு பக்கமும் மடக்கிப் பாருங்கள், எங்கும் பிடிக்கவோ இடறவோ கூடாது. காலைத் திரும்பப் பூட்ட முன்னர் எஞ்சின் நேர்கோட்டை, அதற்கென்றே உள்ள கம்பியான அலைன்மன்ற் பார் போட்டுப் பாருங்கள். பார் கையால் இலகுவாக உள்ளே போய் வரவேண்டும். நேர்கோடு தவறியிருந்தால் புதுப் பெயரிங்கும் சில மாதத்தில் அதே பாட்டைப் பாடும்.

நடுக்கடலில் சத்தம் தொடங்கினால் எஞ்சினை நிறுத்திக் காலைத் தூக்குங்கள். நூல், வலை, சாதாளை எல்லாவற்றையும் வெட்டி எடுங்கள். கியர்பொக்ஸில் கையை வையுங்கள்: இப்போதுதான் தண்ணீரிலிருந்து வந்த உலோகம் சுட்டால் பெயரிங் போய்க்கொண்டிருக்கிறது. கரைக்கு வர வேறு வழியில்லை என்றால் முன் கியரில் மெதுவாக வாருங்கள், இடையில் கியரை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். உடைந்த துண்டொன்று பற்களுக்கிடையில் போனால் கால் அங்கேயே இறுகிவிடும்.

ஒயில் மாற்றம் 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறை. வாடை பிறந்து எஞ்சினைக் கழற்றி வைப்பவர்கள் அதை வைக்க முன்னர் மாற்றுங்கள், எடுக்கும்போதல்ல. டிரைவ் ஷாப்டின் மேல் பற்களுக்கும் அப்போதே கிரீஸ் பூசுங்கள், உச்சி முகத்தில் வைக்கவே வேண்டாம், அது அடைபட்டு ஷாப்டைக் கீழே தள்ளும். ஒயிலை மாற்றாமல் வைத்தால், பழைய ஒயிலில் இருக்கும் தண்ணீர் அந்த மாதங்கள் முழுவதும் அடியில் அசையாமல் கிடந்து பெயரிங்கில் துரு வைக்கும். அடுத்த பருவம் முதல் நாள் கேட்கும் உறுமல் அங்கேதான் பிறக்கிறது.