ஒட்டாத மீதி எங்கே போகிறது?

கதிரியக்க வேதியியல் ஆய்வகத்தில் வேலை என்றால் பலரும் முதலில் கேட்பது, பயமாக இல்லையா என்றுதான். ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பதும், கதிர்வீச்சை அளக்கும் மோதிரத்தை விரலில் மாட்டிக்கொள்வதும் சீக்கிரம் பழகிவிடும். பழகாதது கடிகாரம். புராஸ்டேட் புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று ஸ்கேனில் காட்டும் மருந்தைச் செய்கிறோம். அதில் ஒளிர்வது கேலியம்-68 என்ற கதிரியக்கத் தனிமம். அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், 68 நிமிடம். கேலியத்தைத் தரும் ஜெனரேட்டர் என்ற கருவியிலிருந்து இறக்கிய கையோடு, புற்றணுவைத் தேடிப் பிடிக்கும் மூலக்கூறில் கோத்து, வடிகட்டி, சோதித்து அனுப்பிவிட வேண்டும். 2 மணி நேரம் போனால் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு 14 நாள் ஆகும். மருந்தோ அன்றைக்கே நோயாளியின் உடலுக்குள் போய், சிதைந்தும் முடிந்திருக்கும். அதனால் வடிகட்டி கிழியாமல் இருக்கிறதா, எண்டோடாக்சின் என்ற கிருமி நச்சு எவ்வளவு, கதிரியக்கம் முழுவதும் மூலக்கூறில்தான் இருக்கிறதா என்பதையெல்லாம் அனுப்பும் முன்பே பார்த்துவிடுவோம். பிறகு வரும் முடிவு, செய்முறை ஒழுங்காக இருந்தது என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். புதிதாகச் சேருகிறவர்கள் இதைக் கேட்டதும் ஒரு நிமிடம் விழிப்பார்கள்.

சரி, மூலக்கூறுக்கு வருவோம். பெரும்பாலான புராஸ்டேட் புற்றணுக்களின் மேற்பரப்பில் பிஎஸ்எம்ஏ என்ற புரதம் மிகுதியாக இருக்கும். அதைப் பிடிப்பதுதான் குறி. 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இண்டியம்-111 என்ற கதிரியக்கத் தனிமம் ஏற்றிய ஆன்டிபாடி (குறிப்பிட்ட இலக்கைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம்), அந்தப் புரதத்தின் செல்லுக்கு உள்ளே இருக்கும் பகுதியைப் பிடித்தது. உயிருள்ள செல்லுக்குள் ஆன்டிபாடி எளிதில் நுழையாது. போதாததற்கு அது பெரிய மூலக்கூறு, ரத்தத்திலேயே நாள்கணக்கில் சுற்றும். யூரியாவை நடுவில் வைத்துக் கட்டிய சிறிய மூலக்கூறுகள் வெளிப்பக்கத்தைப் பிடித்தன. அவற்றில் ஒன்றான, கேலியம்-68 ஏற்றும் பிஎஸ்எம்ஏ-11ஐ ஜெர்மனியின் ஹைடல்பெர்க் குழு 2012இல் வெளியிட்டது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

இந்தத் துறைக்கு வந்த புதிதில், எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்ற எண்ணைத்தான் நான் முதலில் தேடுவேன். நானோமோலார் என்ற செறிவு அலகில் ஒரு நல்ல எண் வந்தால் அன்றைக்குக் கொண்டாட்டம். இப்போது முதலில் கேட்பது வேறு: ஒட்டாத மீதி எங்கே போகிறது? செலுத்தியதில் கட்டியில் தங்குவது சிறு பங்குதான். மிச்சம் எந்த வழியாக வெளியேறுகிறதோ அந்த வழியெல்லாம் படத்தில் ஒளிரும்.

பிஎஸ்எம்ஏ-11 சிறுநீரில் போகிறது. அறுவை சிகிச்சை முடிந்து, ரத்தத்தில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் செல்கள் சுரக்கும் புரதம்) மறுபடி ஏறத் தொடங்கியவருக்கு நோய் திரும்பியிருக்கிறதா என்று தேடும் முக்கியமான இடங்களில் ஒன்று, சிறுநீர்ப்பைக்கு அடியில், புராஸ்டேட் இருந்த இடம். அங்கே சிறு கட்டி இருந்தாலும் பையின் வெளிச்சம் அதை விழுங்கிவிடலாம். ஃப்ளோரின்-18 ஏற்றிய பிஎஸ்எம்ஏ-1007 பெரும்பாலும் கல்லீரல் வழியாகப் போவதால் பை அமைதியாக இருக்கும். அரை ஆயுளும் 110 நிமிடம், கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் விலா எலும்புகளில் காரணமில்லாத புள்ளிகள் தெரியும். புற்று எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று மருத்துவர் குழம்புவார். இரண்டில் எது சிறந்தது என்று கேட்பவர்களிடம், எந்த நோயாளிக்கு என்று திருப்பிக் கேட்பேன்.

மீதித் தொல்லை ஜெனரேட்டரிலும் உண்டு. கேலியம் சிதைந்து துத்தநாகமாகிறது. வார இறுதியில் அது உள்ளே சேர்ந்து, மூலக்கூறில் கேலியத்தைப் பிடித்துவைக்கும் சில கொக்கிகளில் அதனோடு இடத்துக்குப் போட்டி போடும். அதனால் திங்கட்கிழமை முதல் இறக்கலைக் கழிவுக்கு அனுப்பிவிட்டுத்தான் வேலை தொடங்கும்.

இப்போது கணக்கு இன்னும் கடுமையாகிவிட்டது. இதே குடும்பத்து மூலக்கூறில் லுட்டேசியம்-177 என்ற, புற்றணுவை அழிக்கும் கதிரியக்கத் தனிமத்தை ஏற்றிச் சிகிச்சையும் தருகிறார்கள். 2022இல் அப்படிப்பட்ட பிஎஸ்எம்ஏ-617க்கு அமெரிக்க ஒப்புதல் வந்தது. ஸ்கேன் படத்தில் உமிழ்நீர்ச் சுரப்பி ஒளிர்ந்தால் யாருக்கும் கவலையில்லை. சிகிச்சையில் அதே ஒளி நோயாளிக்கு வாய் வறட்சி. அதனால் புதிய மூலக்கூறு எதைக் கொண்டுவந்தாலும், எங்கள் கூட்டங்களில் கட்டிக்கு முன்னால் சுரப்பியைப் பற்றித்தான் கேள்வி வருகிறது.