வாகனம் மாறும் இடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதியில் உள்ள கொடிகாமத்தில் பிறந்தவன் என்று சொன்னால், "பருத்தித்துறைக்குப் பஸ் மாறுகிற இடம்தானே?" என்று திருப்பிக் கேட்பவர்களை ரொறன்ரோவில் இன்றும் சந்திக்கிறேன். அவர்கள் சொல்வது சரிதான். கண்டி வீதியும் பருத்தித்துறைக்குப் போகும் வீதியும் புகையிரதப் பாதையும் அங்கே ஒன்றுசேர்கின்றன. கொழும்பிலிருந்து கோச்சியில், அதாவது ரயிலில், வந்த வடமராட்சிக்காரர் (குடாநாட்டின் வடகிழக்குப் பகுதியினர்) எங்கள் ஸ்ரேசனில் இறங்கி, சந்தியில் ஒரு பிளேன்ரீ குடித்து, வரணி, முள்ளி வழியாக வடக்கே போனார்கள். அவர்களுக்கு அது அரைமணி நேரத்து ஊர். நமக்கு அதுவே முழு உலகமாக இருந்தது. அந்த அரைமணி நேரத்துக்கு வெளியே அங்கே என்ன இருந்தது என்பதை நம் பிள்ளைகளுக்காகவாவது எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தே நம் சங்கத்தின் மலர்க்குழு கேட்டவுடன் ஒப்புக்கொண்டேன்.

முதலில் சந்தை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மண் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்தன. வடமராட்சிக் கரையில் மீன் இருந்தது. தென்மராட்சியின் மணற்பாங்கான நிலம் தென்னைக்கும் பலாவுக்கும் மாவுக்கும் பனைக்கும் உரியது. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. எல்லாரும் வந்து சேரக்கூடிய சந்தி எங்களிடம் இருந்தது. கொடிகாமம் சந்தை பெரிதானதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனி, ஆடி மாதங்களில் சந்தைக்குள் நுழைய முன்னரே மாம்பழ வாசனை வீதிக்கு வந்துவிடும். கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, செம்பாட்டான், விளாட்டு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குவிந்திருக்கும். கறுத்தக்கொழும்பானை வைக்கோல் பரப்பிய பெட்டிகளில் அடுக்கிக் கொழும்புக்கு ஏற்றுவார்கள். அதை அடுக்குவதற்கென்றே கைராசிக்காரர்கள் இருந்தார்கள். காம்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் விட்டுக்கொடுத்து நான் கண்டதில்லை. பலாப்பழத்தை விரலால் தட்டிப் பார்த்தே கூழனா வருக்கையா, இன்னும் எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லும் பெரியவர் ஒருவர் வாசலோரம் இருப்பார். தேங்காய்க் குவியல்களுக்கு அருகில் நிலத்தில் நாட்டிய அலவாங்கில் உரிக்கும் சத்தம் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும்.

என் ஆச்சி அந்தச் சந்தையில் பனம்பொருள் விற்றவர். பனையை நம்பி வாழ்ந்தவர்களின் ஆண்டு தை மாதத்தில் தொடங்குவதில்லை; ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கும்போதே தொடங்கிவிடும். இருட்டோடு எழுந்து இளம் பனை வடலிக்குள் விழுந்த பழங்களைப் பொறுக்குவது சிறுவர்களாகிய எங்கள் வேலை. பழத்தைப் பிசைந்து பிழிந்த களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. மிச்சமான விதையை எறியமாட்டார்கள். மாரி மழைக்கு முன் பாத்தி கட்டிப் புதைத்துவிடுவார்கள். மழை முடிந்து தை, மாசியில் பாத்தியைக் கிண்டினால் கிழங்கு. கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல்; அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். ஒடியலை இடித்த மாவில்தான் கூழ். ஓலை பாயாகவும் கடகமாகவும் சுளகாகவும் நீத்துப்பெட்டியாகவும் மீன் வாங்கும் உமலாகவும் மாறியது. பனங்கட்டியை வைக்கும் குட்டானும் அதே ஓலைதான். ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் எந்தக் கிழமை எதை எடுத்துப் போனால் விலைப்படும், மழை வருமென்றால் காயவைத்ததை எப்போது அள்ள வேண்டும், வரணிப் பெண்கள் எந்த விலைக்கு மேல் வாங்கமாட்டார்கள் என்பதையெல்லாம் மனக்கணக்கில் வைத்திருந்தார். பிற்காலத்தில் வணிகக் கல்வி கற்றபோது வந்த பாதி விஷயங்களை ஆச்சியின் கடகத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தே நான் அறிந்திருந்தேன்.

அங்கே இன்னொன்றும் கற்றேன். தெரியாதவரோடு பேசுவது. ஒதுக்குப்புறக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்நியரைக் கண்டால் கூச்சம் வரும். நமக்கு அது இருக்கவில்லை. நாளும் புதிய முகங்கள். மீன் கொண்டு வரும் வடமராட்சி வியாபாரிகளின் பேச்சு ஒரு விதம், தீவுப் பகுதியிலிருந்து வருகிறவர்களின் பேச்சு இன்னொரு விதம், கொழும்பிலிருந்து லொறியோடு வரும் முதலாளிமாரின் கலப்புத் தமிழ் வேறொரு விதம். விலை பேசும்போது குரல் உயர்ந்தாலும் முடிவில், "சரி அண்ணை, அடுத்த கிழமை பார்ப்போம்" என்றுதான் பிரிவார்கள். அடுத்த கிழமையும் முகம் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சந்தையின் சட்டமாக இருந்தது.

தட்டிவானைப் பற்றி எழுதாவிட்டால் வடமராட்சி நண்பர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய அந்தப் பழைய மர உடல் வாகனங்களில் பயணியும் பலாப்பழமும் சரிசமமாக ஏறினார்கள். கூரையில் தென்னோலைக் கிடுகுக் கட்டும் தேங்காய்ச் சாக்கும். உள்ளே கடகங்களுக்கு நடுவே கால் வைக்க இடம் தேட வேண்டும். பின்தட்டி சங்கிலியில் தொங்கும். இளையவர்களின் ஆசனம் அதுதான். முள்ளி வெளியில் கடல்நீரேரிக் காற்று முகத்தில் அறையும். நெல்லியடியில் ரியூசன் படித்த நாட்களில் சைக்கிள் ஒட்டுப்போடக் கொடுத்திருந்தால் நானும் அதில்தான் போவேன். சாரதிக்குப் பாதையில் உள்ள ஒவ்வொரு வீடும் தெரியும். ஒரு படலையில் நிறுத்தி மருந்துப் போத்தல் கொடுப்பார். இன்னொரு படலையில், "தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது" என்று சேதி சொல்வார். தபாலைவிட விரைவாகச் செய்தி போன வழி அது.

நமது பாடசாலையும் இந்தச் சந்தைக்கு முதுகு காட்டி நிற்கவில்லை. சந்தை கூடும் நாளில் பிந்தி வருகிறவர்கள் யார், எதற்காகப் பிந்துகிறார்கள் என்று அதிபருக்குத் தெரியும். தாயோடு சுமை இறக்கிவிட்டு ஓடிவரும் பிள்ளையை அவர் வாசலில் நிறுத்தியதை நான் கண்டதில்லை. முதலாம் பாடத்தை மாலையில் இருந்து படித்துவிட்டுப் போகச் சொல்வார். கணித சேர் இலாப நட்டக் கணக்கைத் தேங்காயிலும் கிடுகிலும்தான் போடுவார். கிடுகை நூற்றுக் கணக்கில் வாங்கி வேலி அடைக்கும் வீட்டிலிருந்து வந்த எங்களுக்கு அந்தக் கணக்கு கடினமாக இருக்கவில்லை. கொழும்பு ரயிலான யாழ்தேவி ஓடிய நாட்களில் மதிய வேளையில் அதன் ஊதல் கேட்டால் கடைசிப் பாடங்கள் நெருங்குகின்றன என்று பொருள். மணிக்கூடு இல்லாத வகுப்பறைகளுக்கு அது போதுமாக இருந்தது.

போர் மீண்டும் தொடங்கிய 1990 ஆனியில் அந்த ஊதல் நின்றது. அதற்குப் பிறகு மின்சாரமும் இல்லை. பொருளாதாரத் தடையின் கீழ் மண்ணெண்ணெய் பங்கீட்டில் வந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிதளவு எண்ணெயும் விட்டு, சைக்கிள் வால்வுக்குள் திரியைச் செருகிய சிக்கன விளக்கில் ஒரு தலைமுறையே க.பொ.த சாதாரண தரப் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் எழுதியது. வானொலி கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினோம். என் அப்பா கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தவர். பங்கீட்டு நாளில் வரிசை வீதி வரை நீளும். எண்ணெய் அளக்கும்போது கடைசித் துளி வடியும் வரை புனலை எடுக்கமாட்டார். அந்தப் பொறுமையை நான் அவருடைய மிகப் பெரிய குணமாக நினைக்கிறேன்.

இனி 1995ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

அந்த ஆண்டு இராணுவம் யாழ்ப்பாண நகரை நெருங்கியபோது, ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் எழுந்து நடந்தது. நாவற்குழி, கைதடி வழியாக இலட்சக்கணக்கானவர்கள் தென்மராட்சிக்குள் வந்தார்கள். சாவகச்சேரியும் மீசாலையும் நிரம்பிக் கொடிகாமத்துக்கும் கூட்டம் வந்து சேர்ந்தது. மாரி மழை வேறு. பாடசாலைகளும் கோவில்களும் முதலில் நிறைந்தன. பிறகு வீட்டு விறாந்தைகள், மாட்டுக் கொட்டில்கள், மாமரத்தடிகள். எங்கள் வளவில் எத்தனை குடும்பம் இருந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. கிணறு ஒன்றுதான். அம்மா விடியற்காலையில் பெண்கள் குளிக்கவும் பிறகு மற்றவர்கள் தண்ணீர் அள்ளவும் ஒழுங்கு செய்தார். மலகூடத்துக்குக் கிடங்கு வெட்டியவர்களில் ஒருவர் வங்கி முகாமையாளர், ஒருவர் சுருட்டுத் தொழிலாளி, ஒருவர் நான். ஆச்சி வீட்டில் இருந்த ஒடியல் மா முழுவதையும் எடுத்துப் பெரிய பானையில் கூழ் காய்ச்சினார். மீன் இல்லாமல் கூழா என்று நினைப்பவர்கள் அந்த நாட்களில் அங்கே இருக்கவில்லை என்று பொருள். பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் போட்டது. அந்தச் சுவைக்கு ஈடாக ஒன்றை நான் பிறகு உண்டதில்லை.

பலர் எங்கள் சந்தியைத் தாண்டிக் கிளாலிக்குப் போனார்கள்; அங்கிருந்து படகேறிக் கடல்நீரேரியைக் கடந்து பெருநிலப்பரப்பான வன்னிக்கு. "தம்பி, கிளாலிக்கு எந்தப் பக்கம்?" என்ற கேள்விக்கு நாள் முழுவதும் சந்தியில் நின்று பதில் சொன்ன மாணவர்கள் நம் பாடசாலைப் பிள்ளைகள். யாரும் அவர்களை அங்கே நிற்கச் சொல்லவில்லை. வழி கேட்பவருக்கு வழி சொல்வது, சுமையோடு வருகிறவரின் சுமையில் ஒரு கை கொடுப்பது, வந்தவரை எந்த ஊர் என்று விசாரிப்பது, இவையெல்லாம் சந்தை ஊரில் வளர்ந்த பிள்ளைக்குப் பழகிய காரியங்கள். வாகனம் மாறும் இடம் என்று எங்களைச் சொல்கிறார்களே, அந்த இடத்தில் வளர்ந்ததன் பயன் அந்த மாதங்களில் தெரிந்தது. சந்தையிலும் விலை ஏறியது, உண்மை. தேங்காயைப் பதுக்கியவர்களும் இருந்தார்கள். ஆனால் குழந்தை வைத்திருந்த தாய்மாருக்கு விலை பேசாமல் பழம் கொடுத்த பெண்களை நான் கண்ணால் கண்டேன். அவர்களைப் பற்றி எந்த நூலிலும் எழுதியிருக்காது.

வலிகாமத்திலிருந்து வந்த பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் எங்கள் மாமரத்தடியில் தங்கியிருந்தார். கரும்பலகை இல்லை. கதவொன்றைக் கழற்றிச் சாய்த்து வைத்து, உயர்தர மாணவர்களுக்கு மாலையில் வகுப்பெடுத்தார். ஊர்ப்பிள்ளையும் இடம்பெயர்ந்த பிள்ளையும் ஒரே பாயில் இருந்தோம். அந்தப் பாயில் இருந்தவர்கள் இப்போது மூன்று கண்டங்களில் இருக்கிறார்கள், இன்றும் பேசிக்கொள்கிறோம்.

1996 சித்திரையில் தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்குள் போனது. 2000ஆம் ஆண்டுப் போரில் தென்மராட்சி மக்களே பாயைச் சுருட்டிக்கொண்டு வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் ஓடினார்கள். முன்பு எங்கள் வளவில் இருந்த குடும்பமொன்று என் பெற்றோரை உரும்பிராயில் தங்கள் வீட்டின் முன்னறையில் வைத்துப் பார்த்தது. ஆச்சி அந்த வீட்டில்தான் கண்ணை மூடினார். கடைசி நாட்களில் தன் பனம்பாத்தியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாராம்.

புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது 2014 ஒக்டோபரில். அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போனபோது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொடிகாமத்தில் இறங்கினேன். சந்தை கூடுகிறது. மாம்பழமும் பலாப்பழமும் இருக்கின்றன. தட்டிவான் நான் நின்ற நாட்களில் கண்ணில் படவில்லை. வளவுகளில் தலையிழந்த பனைகள் நின்றன. பதுங்குகுழிக்காக வெட்டப்பட்டவற்றுக்கு அடையாளமும் இல்லை. ஒரு பனை காய்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். விதை போட்டவர்கள் இருக்கிறார்கள், வடலி எழும்பியிருக்கிறது. புழுக்கொடியல் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்து, "நீ இன்னாருடைய பேரன் அல்லவா?" என்று கேட்டார். நான் அவரை அறியேன். என் மூத்த மகள், "இவருக்கு எப்படித் தெரியும்?" என்று வியந்தாள். சந்தையில் ஆச்சிக்குப் பக்கத்தில் கடகத்தோடு அவருடைய தாய் இருந்திருக்கிறார்.

நம் சங்கம் பாடசாலைக்குக் கட்டடம் கொடுத்தது, கணினி கொடுத்தது, விளையாட்டு முற்றத்தைத் திருத்தியது. நன்றாகச் செய்திருக்கிறோம், தொடர்ந்து செய்ய வேண்டும். அதோடு இன்னொரு வேலையையும் கையில் எடுக்கும்படி கேட்கிறேன். சந்தையில் இருந்தவர்கள், தட்டிவான் ஓட்டியவர்கள், 1995இல் வளவு திறந்துவிட்டவர்கள் ஆகியோரின் பெயர்கள் எங்கேயும் ஒருசேர எழுதப்படவில்லை. அவற்றை அறிந்தவர்களில் பலருக்கு எண்பதைக் கடந்துவிட்டது. ஊரில் இருக்கும் உயர்தர மாணவர்களைக் கொண்டு அவர்களுடைய குரலைப் பதிவு செய்யலாம். தொலைபேசி ஒன்றும், பொறுமையாகக் கேட்கும் பிள்ளை ஒருவரும் போதும், செலவு பெரிதல்ல. இடம்பெயரும்போது படங்களைச் சுமந்து வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சந்தையோ சந்தியோ ஸ்ரேசனோ தெரியும் படம் யாரிடமாவது இருந்தால் அடுத்த பொதுக்கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அங்கேயே ஸ்கான் செய்து கையில் திருப்பித் தருவோம். படத்தில் நிற்பவர்களின் பெயர் தெரிந்தால் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வாருங்கள். தெரியாவிட்டால் பரவாயில்லை, கூட்டத்தில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.