கடைசிக் கட்டிங்குக்குப் பிறகு பத்து நாள்

கார்த்திகை முதல் வாரம் போதை மீட்பு வார்டில் கட்டில் காலி இருக்காது. மாலை போட்ட அன்றே பல வருஷக் குடியை ஒரே மூச்சில் நிறுத்தியவர்களை, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தூக்கிக்கொண்டு வருவார்கள். உடம்பு உதறும், வேர்த்துக் கொட்டும், இல்லாத ஆளோடு பேச்சு நடக்கும். "சாமி வந்துருச்சு" என்று விபூதி பூசி ஒரு ராத்திரி முழுக்க வைத்திருந்துவிட்டு வருகிற குடும்பங்களும் உண்டு. வந்தது எதுவுமில்லை, உடம்பை விட்டுச் சட்டென்று போனதுதான் பிரச்சினை. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து மே 7 வரை டாஸ்மாக் மூடியிருந்தபோது, மாலை போடாதவர்களுக்கும் இதேதான் நடந்தது.

யாருக்கு வரும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு குவாட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால், எடையில் சுமார் 60 கிராம். கல்லீரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம்தான் எரிக்கும். ஆக ராத்திரி பத்து மணிக்கு அடித்த குவாட்டர் விடியற்காலையில் தீர்ந்துவிடும். காலையில் டீ கிளாஸைப் பிடித்தால் தளும்புகிறது, ஒரு கட்டிங் உள்ளே போனதும் கை நிற்கிறது என்றால், அந்த ஆள் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாதவர். எத்தனை வருஷம் குடித்தார் என்பதைவிட இந்த ஒரு கேள்விக்கான பதில்தான் எங்களுக்கு முக்கியம்.

மூளைக்குள் நடப்பது கயிறு இழுக்கும் போட்டி மாதிரி. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் பக்கம் நின்று மது தினமும் இழுக்கிறது. மூளை விட்டுக்கொடுக்காமல் காபாவின் வேலையைக் குறைத்து, தூண்டிவிடும் இன்னொரு ரசாயனமான குளுட்டமேட்டை ஏற்றி எதிர்ப்பக்கம் இழுத்துப் பழகுகிறது. ஒரு பக்கத்தார் திடீரெனக் கையை விட்டால் மறுபக்கத்தார் மல்லாந்து விழுவார்களே, அதுதான் கைநடுக்கமும் வலிப்பும் குழப்பமும். நிறுத்திச் சேர்ந்து, மறுபடி குடித்து, மறுபடி நிறுத்துகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் முந்தையதைவிட மோசமாக வருவது வழக்கம். அதனால் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

சேர்க்கும்போது கேட்பவை: கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, எவ்வளவு, முன்பு ஃபிட்ஸ் வந்திருக்கிறதா, சமீபத்தில் தலையில் அடிபட்டதா, கூடவே அல்பிரசோலம் மாதிரி தூக்க மாத்திரை, டேபெண்டடால் மாதிரி வலி மாத்திரை ஏதாவது உண்டா. அவர் "ஒரு குவாட்டர்தான் சார்" என்பார். பின்னால் நிற்கும் மனைவி இரண்டு விரலைக் காட்டுவார். விரலை நம்புவோம். தலைக்காயத்தை மறைத்தால் ஆபத்து. மண்டைக்குள் ரத்தம் கசிந்து வரும் குழப்பமும் குடியை நிறுத்தியதால் வரும் குழப்பமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், சி.டி. எடுத்தால்தான் பிரியும்.

வருகிறவர்களில் பாதிப் பேர் வழியில் எங்காவது 'சத்து டிரிப்ஸ்' ஏற்றிக்கொண்டுதான் வருகிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குளுக்கோஸை எரிக்கத் தயமின், அதாவது வைட்டமின் பி1 வேண்டும். சாப்பாட்டைத் தள்ளிவிட்டுக் குடிப்பவரின் உடம்பில் அது ஏற்கெனவே வறண்டிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் துளியும் செலவாகிவிடும். விளைவு, கார்ல் வெர்னிக்கி 1881இல் விவரித்த மூளைப் பாதிப்பு: குழப்பம், கண்மணி ஆடுவது அல்லது கண் திரும்பாமல் போவது, நடை தள்ளாட்டம். மூன்றும் சேர்ந்து வரும் என்று காத்திருக்க முடியாது, ஒன்றே போதும். போதையில் தள்ளாடுகிறார் என்று விட்டுவிட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போகலாம். ஐந்து நிமிடம் முன் பேசியது நிற்காது, இடைவெளியை இல்லாத கதையால் நிரப்புவார்.

அதனால் தயமின் முதலில். மாத்திரை போதாது, மதுவால் கெட்ட குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. வெர்னிக்கி சந்தேகம் இருந்தால் 500 மில்லிகிராமை 100 மில்லி சலைனில் கலந்து அரை மணி நேரம், நாளுக்கு மூன்று வேளை. குளுக்கோமீட்டரில் சர்க்கரை ஆபத்தாக இறங்கியிருந்தால் மட்டும் குளுக்கோஸைத் தள்ளிப்போடாமல் தயமினோடு சேர்த்தே கொடுப்போம். கொடுத்தும் தேறவில்லை என்றால் மெக்னீசியத்தைப் பார்க்க வேண்டும். அது குறைந்திருந்தால் தயமின் வேலை செய்யாது.

நடுக்கத்துக்குக் குளோர்டயசிபாக்சைடு அல்லது டயசிபாம். மது பிடித்திருந்த கயிற்றை இவை பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல விடும். டயசிபாம் உடம்பில் பல நாள் தங்குவதால் இறங்குவது சீராக இருக்கும். கல்லீரல் சுருங்கியவருக்கு அதே குணம் ஆபத்து, தேங்கித் தேங்கி மயக்கமாகும், அவருக்கு லோராசிபாம். வியர்வை, நடுக்கம், குமட்டல், தலைவலி என்று பத்து விஷயத்துக்கு மதிப்பெண் போடும் தாள் ஒன்று இருக்கிறது, மொத்தம் 67. அந்த மதிப்பெண்ணை வைத்து டோஸ் ஏறும், இறங்கும். சீட்டு இல்லாமல் கடையில் இந்த மாத்திரைகளை வாங்கி வீட்டில் முயலாதீர்கள். இதையும் போட்டு மேலே ஒரு கட்டிங்கும் அடித்தால் மூச்சு நின்றுபோகும்.

ஃபிட்ஸ் வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் துணியோ ஸ்பூனோ திணிக்காதீர்கள். கையில் சாவிக்கொத்துக் கொடுத்து எந்த வலிப்பும் நின்றதில்லை.

மூன்றாம் நாள் ராத்திரியைத்தான் நாங்கள் பயந்து பார்ப்போம். சுவரில் பூச்சி ஊரும், வாசலில் போலீஸ் நிற்கும். பரோட்டா மாஸ்டராக இருந்தவர் போர்வையை வீசி அடித்துக்கொண்டிருப்பார், டிரைவர் கட்டில் கம்பியில் கியர் மாற்றுவார். காய்ச்சல் ஏறும், நாடித் துடிப்பு ஓடும். பைத்தியம் இல்லை, ஆனால் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். விளக்கை அணைக்காமல், தெரிந்த முகம் ஒன்று பக்கத்திலிருந்து "இது ஆஸ்பத்திரி, இன்னைக்கு வியாழக்கிழமை" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நிஜமாகவே பலன் உண்டு. அடங்கட்டும் என்று மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் ஊசி மட்டும் போட்டுவிடுவது தவறு, அது வலிப்பைச் சுலபமாக்கும்.

ஐந்தாம் நாள் பசி வரும். அதன்பின் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. தூக்கம் மட்டும் வாரக்கணக்கில் சண்டித்தனம் செய்யும். அதற்காக இறக்கி முடித்த மாத்திரையை மறுபடி தொடங்கினால், குடிக்குப் பதில் மாத்திரை என்றாகிவிடும்.

வீட்டுக்குப் போகும்போது எல்லோரும் கேட்பது "அவருக்குத் தெரியாம சாம்பாருல கலந்து குடுக்குற மருந்து". டைசல்ஃபிராமைத்தான் சொல்கிறார்கள். மது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடை மேற்கொண்டு உடையவிடாமல் தடுக்கும் மருந்து அது. தெரியாமல் அதைத் தின்றவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, இதயம் பலவீனமானவர் செத்தும் போகலாம். அவர் சம்மதித்து, கடைசிக் குடிக்குப் பிறகு குறைந்தது 24 மணி நேரம் கழித்துத்தான் தொடங்குவோம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும், ஆல்கஹால் கலந்த இருமல் டானிக்கும் ஆகாது. வேண்டாம் என்பவருக்குக் குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் இருக்கிறது. டேபெண்டடால், டிரமடால் மாதிரி அபின் வகை வலி மாத்திரை போடுகிறவருக்கு அது கூடாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதெல்லாம் இலவசம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடப் போகிறவர் ஐப்பசி இருபதுவாக்கில் வந்து படுத்தால் கணக்கு சரியாக இருக்கும்.